தயிருக்குத் தங்கப் பூச்சு!

தயிரைப் பார்த்திராதவர் நம்முள் எவருமிலர். ஆனால் பாலைத் தயிராக்கும் அந்தச் சிற்றுயிரைப் பார்த்தவர் நம்முள் எத்தனை பேர்? முதல் நாள் இரவு ஒரு கரண்டி உறைமோரை வெதுவெதுப்பான பாலில் விட்டு மூடி வைக்கிறோம். விடிந்து பார்த்தால் பால் உறைந்திருக்கிறது. இரவெல்லாம் உழைத்தவர் யார், அவருடைய உருவம் எப்படிப்பட்டது என்று நாம் கேட்பதில்லை. பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் இவ்வாண்டு அதைக் கேட்டோம். கேட்டதோடு நில்லாமல் எலக்ட்ரான் நுண்ணோக்கி வழியே பார்த்தும் வந்தோம். பார்த்ததைக் காட்டிலும், பார்ப்பதற்காகச் செய்யப்பட்ட ஆயத்தங்களே எங்களைப் பெரிதும் சிந்திக்க வைத்தன. அவற்றைத் தோழியருக்கும் பெற்றோருக்கும் எடுத்துரைக்கவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

எங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்தில் உள்ள நுண்ணோக்கி நல்ல கருவிதான். வெங்காயத் தோலின் செல்களையும், குளத்து நீரில் நீந்தும் பரமீசியத்தையும் அதில் கண்டு மகிழ்ந்திருக்கிறோம். ஆனால் தயிர்த்துளியை வைத்தால் வெறும் புள்ளிகளும் கோடுகளுமே தெரிகின்றன. இதற்குக் காரணம் ஒளியின் தன்மையே. கண்ணுக்குப் புலப்படும் ஒளியின் அலைநீளம் 400 முதல் 700 நானோமீட்டர் வரை. ஒரு நானோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. ஏறத்தாழ 200 நானோமீட்டரைவிட நெருங்கியிருக்கும் இரு புள்ளிகளைச் சாதாரண ஒளி நுண்ணோக்கியால் பிரித்துக் காட்ட இயலாது. பாக்டீரியாவின் நீளம் ஓரிரு ஆயிரம் நானோமீட்டர். ஆகவே அதன் உருவம் தெரியும், நுட்பம் தெரியாது. வைரஸ்களுள் பெரும்பாலானவற்றின் உருவம்கூடத் தெரியாது.

அப்படியானால் வழி என்ன? ஒளிக்குப் பதிலாக எலக்ட்ரான் கற்றையையும், கண்ணாடி வில்லைக்குப் பதிலாகக் காந்தச் சுருளையும் பயன்படுத்தலாம் என்று ஜெர்மனியில் எர்ன்ஸ்ட் ருஸ்கா என்ற இளைஞரும் மாக்ஸ் நோல் என்பவரும் எண்ணினர். 1931-இல் பெர்லின் நகரில் முதல் எலக்ட்ரான் நுண்ணோக்கியை அமைத்தனர். 1939-இல் புகையிலைச் செடியைத் தாக்கும் வைரஸின் படம் வெளிவந்தது. வைரஸ்களின் உருவத்தை மனிதர் இக்கருவியால் காணத் தொடங்கிய காலம் அது. ருஸ்காவுக்கு நோபல் பரிசு கிடைத்ததோ 1986-இல்! ஐம்பத்தைந்து ஆண்டுகள் காத்திருந்தார் அவர். பொறுமை என்னும் பாடம் இத்துறையின் தொடக்கத்திலேயே எழுதப்பட்டுவிட்டது போலும்.

ஆனால் இந்த அரிய கருவிக்கு ஒரு பிடிவாதம் உண்டு. எலக்ட்ரான்கள் காற்றில் மோதினால் சிதறிப்போகும். எனவே கருவியின் உட்புறத்திலிருந்து காற்றை வெளியேற்றி வெற்றிடமாக்குகிறார்கள். உயிருள்ள செல்லிலோ ஏறத்தாழ நூற்றுக்கு எழுபது பங்கு நீர். வெற்றிடத்தில் நீர் நொடியில் ஆவியாகிவிடும். செல் சுருங்கி உருக்குலையும். மொட்டை மாடியில் காயவைத்த கத்தரி வற்றலைப் பார்த்துக் கத்தரிக்காயின் அழகை அறிய முடியுமா? முடியாதல்லவா! நீரையும் நீக்க வேண்டும், உருவமும் கெடக்கூடாது. இந்த இரண்டையும் ஒருங்கே செய்வதுதான் ஆயத்தம் என்னும் கலை.

இக்கலையைக் கண்ணாரக் காணும் வாய்ப்பு எங்களுக்கு ஒரு வெள்ளி, சனிக்கிழமைகளில் கிடைத்தது. அறிவியல் ஆசிரியையான சிஸ்டர் எங்களைப் பக்கத்து நகரத்துக் கல்லூரி ஒன்றுக்கு அழைத்துச் சென்றார். விடுதிச் சமையலறையிலிருந்து ஒரு சிறு கிண்ணத்தில் தயிர் கொண்டு சென்றோம். "இரவுச் சோற்றுக்கு மிச்சம் வையுங்கள்" என்று சமையற்கார அம்மா சொன்னது வழியெல்லாம் சிரிப்பை மூட்டியது. கல்லூரியில் ஆய்வு மாணவியான அக்கா ஒருவர் எங்களுக்காகக் காத்திருந்தார். எங்கள் கிண்ணத்திலிருந்து அவர் எடுத்ததோ குண்டூசித் தலையளவு தயிர்!

அதைச் சிறு வட்டக் கண்ணாடித் துண்டுகள் இரண்டில் மெல்லத் தடவினார். பின்னர் இரண்டையும் குளூட்டரால்டிஹைடு என்னும் வேதிப்பொருள் கலந்த கரைசலில் இட்டார். நூற்றுக்கு இரண்டரை பங்கு வலிமையுள்ள கரைசல் அது. இதற்கு நிலைப்படுத்துதல் என்று பெயர். குளூட்டரால்டிஹைடு, செல்லில் உள்ள புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்து அந்தந்த இடத்திலேயே நிறுத்திவிடுகிறது. அந்தக் கணமே உயிர் போய்விடுகிறது. உருவம் மட்டும் நிற்கிறது. "ஓடி விளையாடும் குழந்தைகளை அப்படியே சிலையாக்குவது போல" என்றார் அக்கா. எங்களுக்கு ஏனோ சற்று வருத்தமாக இருந்தது. அன்றிரவு முழுவதும் அக்கண்ணாடித் துண்டுகள் குளிர்ப்பெட்டியில் 4 டிகிரி குளிரில் இருந்தன.

மறுநாள் காலை எட்டு மணிக்கே சென்றுவிட்டோம். முதலில் பழைய கரைசலை நீக்கி மும்முறை கழுவினார்கள். அடுத்து ஆஸ்மியம் டெட்ராக்சைடு. இது கொழுப்பைப் பற்றிக்கொண்டு செல்லின் சவ்வுகளை நிலைநிறுத்துகிறது. ஆனால் இதன் ஆவி கண்ணின் கருவிழியையே கெடுக்கக்கூடிய நஞ்சு. ஆகையால் ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் கண்ணாடிக் கூண்டுக்குள் கைகளை மட்டும் நுழைத்து, கையுறையும் கண்ணாடியும் அணிந்து அக்கா வேலை செய்தார். எங்களை அறைக்கு வெளியே நிறுத்திச் சன்னல் வழியே பார்க்கச் சொன்னார். ஒரு மணி நேரத்தில் வெள்ளைத் தயிர் கறுத்துப்போயிற்று!

பின்பு நீரை நீக்கும் படலம். நேராக வீரியமுள்ள ஆல்கஹாலில் போட்டால் செல் அதிர்ச்சியுற்றுச் சுருங்கிவிடும். ஆகவே படிப்படியாகச் செல்ல வேண்டும். முதலில் நூற்றுக்கு 30 பங்கு ஆல்கஹால். அதில் பத்து நிமிடம். பிறகு 50, 70, 80, 90, 95. முடிவில் நீரே கலவாத தூய ஆல்கஹால், அதுவும் மூன்று முறை. ஒவ்வொரு படியிலும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றோம். இடையில் ஒரு கணமும் துண்டு உலர்ந்துவிடக் கூடாதாம். அவசரக்காரர்களுக்கு இவ்வேலை ஆகாது என்று அப்போதே தெரிந்துகொண்டோம்.

இந்த இடத்தில்தான் அக்கா ஒரு சோதனை செய்து காட்டினார். இரண்டு துண்டுகளில் ஒன்றை எடுத்து, "இது தானாகவே காற்றில் உலரட்டும்" என்று மேசை மேல் வைத்துவிட்டார். மற்றொன்றைத் தடித்த இரும்புச் சுவர் கொண்ட சிறு அறையுள்ள கருவியில் வைத்தார். அதற்குள் ஆல்கஹாலை வெளியேற்றித் திரவமாக்கிய கார்பன் டை ஆக்சைடை நிரப்புகிறார்கள். பிறகு மெல்லச் சூடாக்குகிறார்கள். 31 டிகிரி வெப்பத்தையும் காற்றழுத்தத்தைப் போல் சுமார் 73 மடங்கு அழுத்தத்தையும் தாண்டியதும் ஒரு விந்தை நிகழ்கிறது. திரவம் எது, வாயு எது என்ற வேறுபாடே மறைந்துவிடுகிறது. இதனை மாறுநிலை என்று இயற்பியல் கூறும். திரவத்தின் மேற்பரப்பு என ஒன்று இல்லாதபோது பரப்பு இழுவிசையும் இல்லை. செல்லைப் பிடித்து நசுக்க எதுவுமில்லை. அந்நிலையில் வாயுவை மெல்ல வெளியே விட்டால், செல் தன் வடிவம் குலையாமல் உலர்ந்துவிடுகிறது. இம்முறையை 1951-இல் ஆண்டர்சன் என்ற அமெரிக்க அறிவியலாளர் அறிமுகப்படுத்தினார்.

இனித்தான் தங்கம்! உலர்ந்த செல் மின்சாரத்தைக் கடத்தாது. எலக்ட்ரான்கள் அதன் மேல் குவிந்து, படம் முழுவதும் வெள்ளையாகக் கண்ணைக் கூசச் செய்யும். ஆகவே தங்கத் தகடு பொருத்திய சிறு கண்ணாடி அறையில் துண்டுகளை வைத்து ஆர்கான் வாயுவைச் செலுத்தினார்கள். ஊதா நிற ஒளி எழுந்தது. தங்க அணுக்கள் தகட்டிலிருந்து பெயர்ந்து தயிரின் மேல் படிந்தன. பூச்சின் கனம் ஏறத்தாழ 10 நானோமீட்டர்; நம் தலைமுடியின் தடிமனில் பல ஆயிரத்தில் ஒரு பங்கு. "நகைக்கடைக்காரர் கேட்டால் மயங்கி விழுந்துவிடுவார்" என்றாள் எங்கள் தோழி ஒருத்தி.

மாலை நான்கு மணிக்குத் திரையில் படம் தோன்றியது. என்னே காட்சி! பாலின் புரதம் பஞ்சு போலவும் வலை போலவும் பின்னிக் கிடந்தது. அதன் இடுக்குகளில் மணிமாலைகளாக உருண்டை பாக்டீரியாக்கள். பக்கத்தில் நீண்ட குச்சி வடிவ பாக்டீரியாக்கள். நாள்தோறும் நாம் சோற்றில் பிசைந்து உண்பது இதைத்தானா என்று வாய் பிளந்து நின்றோம். நிறம் மட்டும் இல்லை. எல்லாம் கறுப்பு வெள்ளை. எலக்ட்ரானுக்கு நிறம் தெரியாது என்றும், புத்தகங்களில் காணும் பச்சை, சிவப்பு நிறங்கள் பின்னர் சேர்க்கப்படுபவை என்றும் அக்கா விளக்கினார்.

அடுத்து, காற்றில் உலர்ந்த மற்றத் துண்டை வைத்தார். அதே கிண்ணத்துத் தயிர், அதே மருந்துகள், அதே கருவி. ஆனால் படமோ வேறு! உருண்டைகள் சப்பி, குழி விழுந்து, ஒன்றன் மேல் ஒன்று ஒட்டிக் கிடந்தன. அதை மட்டும் பார்த்தவர், தயிரில் வாழும் உயிர்கள் குழிந்த வடிவம் கொண்டவை என்று நம்பிக்கையோடு எழுதிவிடக்கூடும்.

அப்போது எங்களுள் ஒருத்தி கேட்டாள்: "அக்கா, கொன்று, நீரை எடுத்து, தங்கமும் பூசிவிட்டோம். இதற்குப் பிறகு நாம் பார்ப்பது உண்மையான உயிரா, நாமே செய்த பொம்மையா?"

அறை அமைதியாயிற்று. சிஸ்டரும் அக்காவின் முகத்தையே பார்த்தார். அக்கா சிரித்துக்கொண்டே, "இதைத்தான் நாங்கள் தினமும் எங்களையே கேட்டுக்கொள்கிறோம்" என்றார். பின் ஒரு கதை சொன்னார்.

பாக்டீரியா செல்லை மெல்லிய துண்டுகளாக வெட்டி 1950-களில் படம் எடுத்தவர்கள், செல்லின் சவ்வு உட்புறமாகச் சுருண்டு பை போல இருப்பதைக் கண்டார்கள். அதற்கு மீசோசோம் என்று பெயரிட்டார்கள். சுவாசத்துக்கு உதவுகிறது, செல் பிரிய உதவுகிறது என்றெல்லாம் அதற்கு வேலைகளும் குறிக்கப்பட்டன. பாடநூல்களிலும் அது நெடுங்காலம் இடம்பெற்றது. பின்னர் 1970-களின் பிற்பகுதியிலும் 1980-களின் தொடக்கத்திலும், மருந்து எதுவும் சேர்க்காமல் பாக்டீரியாவை மின்னல் வேகத்தில் உறையவைத்துப் பார்த்தார்கள். பையைக் காணோம்! நிலைப்படுத்தச் சேர்த்த வேதிப்பொருளே சவ்வைச் சுருளச் செய்திருந்தது. கண்ணால் காண்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம் பாட்டிமார் சொல்வது எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கும் பொருந்துகிறது!

ஆகவே அறிவியலாளர் ஒரே வழியில் ஆயத்தம் செய்த ஒரே படத்தை நம்புவதில்லை. வெவ்வேறு வழிகளில் ஆயத்தம் செய்து, எல்லாப் படங்களும் ஒத்துச் சொன்னால்தான் ஏற்கிறார்கள். நீரை நீக்காமலே, பனிப் படிகம் தோன்ற நேரமில்லாதபடி திடீரென உறையவைத்துப் பார்க்கும் முறையை ஜாக் டுபோஷே என்பவர் தம் குழுவினரோடு 1980-களின் தொடக்கத்தில் உருவாக்கினார். அவருக்கும் வேறு இருவருக்கும் 2017-இல் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. அம்முறையில் தங்கப் பூச்சும் வேண்டாம், ஆஸ்மியமும் வேண்டாம்.

பக்கத்து அறையில் வேறு ஒரு வேலையும் கண்டோம். ரெசினில் பதித்த செல்லை வைரக் கத்தியால் 70 நானோமீட்டர் கனத்தில் சீவுகிறார்கள். சீவிய துண்டுகள் கத்தியை ஒட்டிய சிறு நீர்த்தொட்டியில் மிதக்கின்றன. அவற்றை எதனால் தள்ளி ஒழுங்குபடுத்துகிறார்கள் தெரியுமா? ஒரு குச்சியின் நுனியில் ஒட்டிய கண் இமை முடியால்! கோடிக்கணக்கில் விலையுள்ள கருவிக்கு முன்னே, ஓர் இமை முடியும் நடுங்காத ஒரு கையும்தான் தேவைப்படுகின்றன.

நடுங்காத கை என்றதும் சிஸ்டர் எங்களுக்கு ஒரு பெண்மணியைப் பற்றிச் சொன்னார். அவர் பெயர் ஜூன் அல்மெய்டா. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 1930-இல் பிறந்தவர். தந்தை பேருந்து ஓட்டுநர். படிப்பில் கெட்டிக்காரியாக இருந்தும், பல்கலைக்கழகம் செல்லப் பணமின்றி 16 வயதில் பள்ளியை விட்டார். எங்களைவிட ஒரே வயது மூத்தவர்! மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் திசுக்களை ஆயத்தம் செய்யும் வேலையில் சேர்ந்தார். பின்னர் கனடாவில் டொராண்டோ நகரில் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் தேர்ச்சி பெற்றார்.

வைரஸைக் காண அவர் கையாண்ட முறை வேறு. சிறு செப்பு வலைத்தகட்டில் ஒரு துளி மாதிரியை இட்டு, வடிதாளால் ஒற்றி எடுத்து, பாஸ்போடங்ஸ்டிக் அமிலக் கரைசலை ஒரு துளி இட வேண்டும். மீண்டும் ஒற்றி எடுத்தால் அக்கனமான உப்பு வைரஸைச் சுற்றித் தங்கிவிடும். தாளின் மேல் ஓர் இலையை வைத்துச் சுற்றிலும் மை தெளித்துவிட்டு இலையை எடுத்தால், அதன் வடிவம் வெள்ளையாகத் தெரியுமல்லவா? அதைப் போலவே கறுத்த பின்னணியில் வைரஸ் வெண்மையாகத் தெரியும். இம்முறை 1959-இல் வெளிவந்தது. வைரஸோடு அதற்குரிய எதிர்ப்பொருளையும் கலந்தால், வைரஸ்கள் கொத்துக் கொத்தாகச் சேர்ந்து எளிதில் கண்ணில் படும் என்பதை அல்மெய்டா திறம்படப் பயன்படுத்திக் காட்டினார்.

1964-இல் இலண்டன் மருத்துவமனை ஒன்றின் பணிக்கு வந்த அவரிடம், சளிக்காய்ச்சலை ஆராய்ந்துவந்த டேவிட் டிரெல் ஒரு மாதிரியை அனுப்பினார். பள்ளி மாணவன் ஒருவனின் மூக்கிலிருந்து எடுக்கப்பட்டது அது. வைரஸைச் சுற்றிக் கிரீடம் போன்ற முட்கள் இருப்பதை அல்மெய்டா படம் பிடித்தார். அத்தகைய வைரஸை அவர் கோழிகளின் நோயிலும் எலிகளின் நோயிலும் முன்பே கண்டிருந்தார். ஆனால் அவற்றைப் பற்றி எழுதிய கட்டுரையை, இன்புளுயன்சா வைரஸின் மோசமான படங்கள் என்று சொல்லித் திருப்பி அனுப்பியிருந்தார்கள். தம் ஆயத்தத்தில் தவறில்லை என்று அவருக்குத் தெரியும். மனம் தளரவில்லை. 1967-இல் படங்கள் வெளிவந்தன. 1968-இல் அவ்வைரஸ் கூட்டத்துக்குக் கொரோனா என்று பெயர் சூட்டப்பட்டது. கல்லூரி வாசலை மாணவியாக மிதிக்காத அவருக்கு, வெளியிட்ட ஆய்வுகளுக்காகவே முனைவர் பட்டம் கிடைத்தது. 2007-இல் அவர் மறைந்தார்.

2020-இல் கொரோனா என்ற சொல்லை அறியாதவர் உலகில் இருந்ததில்லை. நம் நாட்டில் அந்நோய் முதன்முதலில் உறுதி செய்யப்பட்டது அவ்வாண்டு சனவரி 30-இல், கேரளத்தில். அந்த நோயாளியின் தொண்டையிலிருந்து எடுத்த மாதிரியைப் புனே நகரில் உள்ள தேசிய வைராலஜி நிறுவனத்தார் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படம் பிடித்தனர். செப்பு வலைத்தகடு, ஒரு துளி மாதிரி, பாஸ்போடங்ஸ்டிக் அமிலத்தின் உப்பு: எல்லாம் அதே வழி! நன்கு தெரிந்த ஒரு வைரஸின் அளவு சுமார் 75 நானோமீட்டர். பேருந்து ஓட்டுநரின் மகள் பழகிக் காட்டிய பாதையில் நம் நாட்டவரும் நடந்தனர் என்று அறிந்தபோது எங்களுக்குப் பெருமிதம் உண்டாயிற்று.

தோழியரே! செய்தித்தாளில் ஒரு படத்தைக் காண நமக்கு ஒரு நொடி போதும். அதற்குப் பின்னே கழுவியவர், காத்திருந்தவர், கடிகாரம் பார்த்தவர் யாரையும் படம் காட்டுவதில்லை. ஆயத்தம் சரியாக இருந்தால் படம் மெய் சொல்லும்; அவசரப்பட்டால் அழகாகப் பொய் சொல்லும். இனி எந்தப் படத்தைக் கண்டாலும், இது எப்படி ஆயத்தம் செய்யப்பட்டது என்று முதலில் கேட்பதென முடிவு செய்திருக்கிறோம்.

பெற்றோருக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. எங்கள் வகுப்பில் வரும் ஆண்டு அறிவியல் பிரிவில் சேர விரும்புவோர் பதினொருவர். அவர்களுள் எண்மருக்கு வீட்டில் இசைவு கிடைத்துவிட்டது. மற்ற மூவருக்குப் பத்தாம் வகுப்போடு படிப்பு போதும் என்ற பேச்சு வீட்டில் நடக்கிறது. அல்மெய்டா பள்ளியை விட்ட பிறகும் உயர்ந்தார் என்பது உண்மைதான். ஆனால் அவருக்கு ஓர் ஆய்வுக்கூடம் கதவைத் திறந்தது. எங்கள் தோழியருக்கு அந்தக் கதவு பதினொன்றாம் வகுப்புதான். "பொம்மையா, உண்மையா?" என்று அன்று கேட்டவள் அம்மூவருள் ஒருத்தி. அவர்களுடைய பெற்றோரும் இந்த ஆண்டு மலரைப் படிப்பார்கள் என்று நம்புகிறோம்.